உளச்சிகிச்சையில் வினாவும் மறுமொழியும்

ஒருவன் தன்னைப் பற்றித் தவறாக எண்ணி வருந்துவானாயின், அத்தவற்றை எடுத்துக்காட்டி விளக்கினால் அவன் வருத்தம் நீங்கிவிடும் என்று நாம் நம்புகின்றோம். தாய் மகனுக்கும், ஆசிரியர் மாணவனுக்கும், நண்பன் நண்பனுக்கும் செய்து வருவது இதுவே. "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்று தொடங்கி, நியாயங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகின்றோம். கேட்பவனும் மரியாதைக்காக "ஓம்" என்று தலையசைத்துவிட்டு, கொண்டுவந்த எண்ணத்தை அப்படியே கொண்டுபோகின்றான்.

யான் வேறோர் ஊரிற் கற்பித்த காலத்தில் இத்தகையதொரு பிழையைச் செய்தேன். க. பொ. த. உயர்தரப் பரீட்சையில் முதன்முறை சித்தியடையாத மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சேர், நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்றான். அவன் கெட்டிக்காரன் என்பதற்கு என்னிடமிருந்த சான்றுகள் அனைத்தையும் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்துரைத்தேன். "ஓம் சேர்" என்றான், போனான், அதன்பின் வகுப்புக்கு வரவேயில்லை. யான் கூறியவை யாவும் உண்மை. ஆயினும் அவை ஏன் அவனிடத்திற் பலிக்கவில்லை என்னும் கேள்வி என்னைவிட்டு நீங்கவில்லை. உளச்சிகிச்சை நூல்களை யான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் அதுவே. சிகிச்சையாளர் கூறும் சொற்கள் எவ்வாறு மற்றொருவரின் நம்பிக்கையை மாற்றுகின்றன என்பது பற்றி அந்நூல்களால் யான் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்பேன்.

இத்துறையில் முதலிற் குறிப்பிடவேண்டியவர் ஆரன் பெக். இவர் 1921 ஆம் ஆண்டிற் பிறந்து 2021 ஆம் ஆண்டில், நூறு வயது நிரம்பியபின் மறைந்த அமெரிக்க உளமருத்துவர். பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்தவர். தொடக்கத்தில் இவர் புரொய்ட் வகுத்த உளப்பகுப்பு நெறியிலேயே பயின்றார். மனச்சோர்வு நோய் என்பது பிறர்மீது எழவேண்டிய சினம் தன்மீதே திரும்புவதால் உண்டாவது என்பது அந்நெறியினர் கொள்கை. அதனை மெய்ப்பிக்க விரும்பிய பெக், நோயாளரின் கனவுகளை ஆராய்ந்தார். அக்கனவுகளிற் சினத்தைக் காட்டிலும் தோல்வியும் இழப்புமே மிகுந்திருந்தன. நோயாளர் விழிப்பில் தம்மைப் பற்றி எவ்வாறு எண்ணினரோ, கனவிலும் அவ்வாறே தம்மைக் கண்டனர். நிறுவச் சென்ற எடுகோளை ஆராய்ச்சி நிறுவாதொழியவே, அந்த எடுகோளையே கைவிடும் துணிவு அவருக்கு இருந்தது.

அவர் பின்னாளிற் பலமுறை எடுத்துக்கூறிய நிகழ்ச்சியொன்றுண்டு. ஒரு பெண் நோயாளி தம் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றித் தடையின்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேசப் பேசப் பதற்றமும் மிகுந்தது. தாம் கூறுபவை பற்றிய குற்றவுணர்வே அப்பதற்றத்துக்குக் காரணம் என்று பெக் நெறிப்படி விளக்கங் கூறினார். ஆனால் அப்பெண்ணின் மனத்தில் அந்நேரம் ஓடிக்கொண்டிருந்த எண்ணம் வேறு: 'என் பேச்சு இவருக்குச் சலிப்பூட்டுகின்றதோ' என்பதே அது. வாயினாற் பேசும் பேச்சுக்குக் கீழே, கேளாமல் வெளிப்படாத மற்றொரு பேச்சு ஓடுகின்றது என்பதைப் பெக் அன்று கண்டுகொண்டார். இதனை அவர் தானாக எழும் எண்ணம் என்றார். அதற்கும் அடியிற் கிடப்பது 'நான் விரும்பத்தகாதவன்', 'நான் திறமையற்றவன்' என்றாற்போன்ற அடிநம்பிக்கை.

ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வைத்தியர் கூறிய விளக்கம் அறிவு நிறைந்ததாயினும் பொருந்தாததாயிற்று. நோயாளியின் எண்ணத்தை நோயாளியிடமே கேட்டறிய வேண்டியிருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1955 ஆம் ஆண்டளவில், நியூயோர்க் நகரில் அல்பேட் எல்லிஸ் என்பவரும், நிகழ்ச்சிகள் அல்ல, நிகழ்ச்சிகளைப் பற்றிய நம்பிக்கைகளே மனிதரை வருத்துகின்றன என்னும் கருத்தின்மீது தம் சிகிச்சை முறையை அமைத்தார். ஆனால் அவர் வழி வேறு. வழக்கறிஞர் போன்று வாதாடி நம்பிக்கையைத் தகர்ப்பதே அவர் பாணி. அவருடைய ஒலிப்பதிவுகளைக் கேட்போர் துணைநாடி வந்தவரினும் எல்லிசே மிகுதியாகப் பேசுவதை உணர்வர். அவரால் நன்மையடைந்தோர் பலர் என்பதை மறுப்பதற்கில்லை; எனினும், அவர் பாணியைக் கையாள அவருடைய நகைச்சுவையும் வேண்டும் என்பது என் எண்ணம்.

பெக்கின் முறை எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஓர் உரையாடலால் விளக்கலாம். இது யான் புனைந்தது. வங்கியொன்றிற் பத்தாண்டு பணிபுரிந்த பெண்ணொருத்தி கணக்கிற் பிழைவிட்டாள். மேலதிகாரி அழைத்து விசாரித்தார். அன்றுமுதல் உறக்கமில்லை. "இந்த வேலைக்கு நான் தகுதியற்றவள்" என்கின்றாள். "பத்தாண்டு குறையின்றி வேலை செய்தீர்களே" என்று நாம் கூறினால், "அவையெல்லாம் இலேசான கணக்குகள்" என்று மறுமொழி வரும். நாம் ஒரு சான்று காட்ட அவள் ஒரு மறுப்புக் காட்டுவாள். இவ்வாறு பத்துச் சான்று காட்டினால், தன் நம்பிக்கைக்கு அரணாகப் பத்து மறுப்புகளை அவள் நம்முன்னே இருந்து பயின்றுகொண்டவளாவாள். இனி, பெக்கின் வழிச்செல்லும் சிகிச்சையாளர் கேட்பதைப் பார்ப்போம்.

"மேலதிகாரி அழைத்த அந்த நேரத்தில் உங்கள் மனத்தில் என்ன ஓடியது?"

"இனி என்னை வேலையிலிருந்து நீக்கிவிடுவார் என்று எண்ணினேன்."

"அவர் கூறியது என்ன?"

"இரண்டாம் பக்கத்தைத் திருத்தித் தரும்படி சொன்னார்."

"அதன்பின்?"

"அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் குடிக்கப் போய்விட்டார்."

"உங்களோடு வேலை செய்பவர்கள் எவருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?"

"போன மாதம் ஒருவருக்கு நேர்ந்தது."

"அப்பொழுது அவரைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?"

"பாவம், களைத்துப் போனார் என்று நினைத்தேன்."

"நீங்கள் சொன்னவற்றை யான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். ஒரு பக்கத்திற் பிழை நேர்ந்தது. திருத்தித் தரச் சொன்னார்கள். அதே பிழை மற்றவருக்கு நேர்ந்தபோது அவர் களைத்துப் போனார் என்று எண்ணினீர்கள். உங்களுக்கு நேர்ந்தபோது தகுதியற்றவள் என்று எண்ணினீர்கள். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கையில் உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?"

"தகுதியற்றவள் என்பது கொஞ்சம் பெரிய சொல் போலத்தான் இருக்கிறது."

"பெரிய சொல்..."

இங்கே முதலிற் பார்க்கவேண்டியது, புதிய எண்ணம் எவர் வாயிலிருந்து பிறந்தது என்பது. 'பெரிய சொல்' என்பது அப்பெண்ணின் சொல், சிகிச்சையாளர் கொடுத்ததன்று. பிறர் தந்த முடிவை மறுப்பது எளிது. தானே கூறிய முடிவை மறுப்பது அத்துணை எளிதன்று. இன்னொன்று, சிகிச்சையாளர் கடைசியாகக் கூறிய இரண்டு சொற்கள். "பார்த்தீர்களா, நான் சொல்லவில்லையா!" என்று அவர் வெற்றி கொண்டாடியிருப்பாராயின், அவள் உடனே பின்வாங்கியிருப்பாள். அவர் செய்தது, அவளுடைய நீண்ட விடையிலிருந்து இரண்டு சொற்களைப் பொறுக்கி எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தது. அவள் இனி அச்சொல்லைப் பற்றிப் பேசுவாள். களைப்பைப் பற்றியோ அதிகாரியைப் பற்றியோ பேசமாட்டாள்.

இவ்வாறு திருப்பிக் கூறுதலைக் கலையாக வளர்த்தவர் கார்ல் றொஜர்ஸ். 1940களின் தொடக்கத்தில் ஒஹாயோ அரசப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, உளவளத்துணை உரையாடல்களை இசைத்தட்டுகளிற் பதிந்து ஆராயத் தொடங்கினார். 1942 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒருவரோடு நிகழ்ந்த எட்டு அமர்வுகளின் பேச்சு முழுவதையும் அச்சிட்டார். அதற்கு முன்னர் சிகிச்சை அறையில் நிகழ்வதைச் சிகிச்சையாளரின் நினைவைக்கொண்டே உலகம் அறிந்தது. அறிவுரை கூறாது, வழிகாட்டாது, துணைநாடி வருபவரின் உள்ளத்தை உணர்ந்து, நிபந்தனையின்றி மதித்து, அவர் கூறியதன் பொருளை அவருக்கே தெளிவாக்கிக் காட்டினாற் போதும் என்பது றொஜர்ஸின் கொள்கை.

ஆனால் எவருமே வழிகாட்டாது மறுமொழி கூறுதல் இயலுமோ? 1955 ஆம் ஆண்டிற் கிரீன்ஸ்பூன் என்னும் ஆராய்ச்சியாளர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். மாணவர்களைத் தனித்தனியே இருத்தி, மனத்தில் தோன்றும் சொற்களை வாக்கியமாக்காது ஒவ்வொன்றாகக் கூறும்படி பணித்தார். பன்மைச் சொல் வரும்போதெல்லாம் "ம்ம்" என்று மட்டும் ஒலித்தார். பன்மைச் சொற்கள் பெருகின. கேட்டவர் தம் "ம்ம்" என்னும் ஒலியாலேயே பேசுபவரின் சொற்களை விளைவித்தார் என்பது பெறப்பட்டது. மாணவர்கள் அத்தொடர்பை உணர்ந்தே அவ்வாறு செய்தனர் என்று பின்வந்தோர் வாதிட்டனர். அவ்வாதம் நெடுங்காலம் நடந்தது. உணர்ந்தோ உணராமலோ, கேட்பவரின் ஒலி பேசுபவரை நடத்தியது என்பது மாத்திரம் நின்றது. நம்மூரில் அந்த வேலையைச் செய்வது "ஓம்" என்னும் சொல். பெரியவர் ஒருவர் எந்த இடத்தில் "ஓம், ஓம்" என்கின்றாரோ அந்த இடத்திலேயே நம் கதை நீள்வதை நாம் அறிவோம்.

1966 ஆம் ஆண்டிற் சாள்ஸ் துருவாக்ஸ் என்பவர் றொஜர்ஸே நடத்தி வெற்றிகண்ட ஒரு சிகிச்சையின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். றொஜர்ஸின் அன்பும் உள்ளுணர்வும் எல்லாப் பேச்சுக்கும் ஒரே அளவாகக் கிடைக்கவில்லை. நோயாளி தெளிவோடும் தன்னையறியும் நோக்கோடும் பேசும்போது அவை மிகுந்தன, மற்றபோது குறைந்தன. அவ்வாறு அன்பு பெற்ற பேச்சு வகைகளுட் பெரும்பாலானவை காலப்போக்கில் வளர்ந்தன. வழிகாட்டேன் என்றவரும் தம்மை அறியாமலே வழிகாட்டினார் என்பது இதனாற் போதரும். இதனை அவருக்கு இழுக்காக யான் கருதவில்லை. தோட்டக்காரன் எந்தச் செடிக்கு நீர் விடுகின்றான் என்பதை அவனே பார்த்துக்கொள்வது நல்லது, அவ்வளவே.

ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மட்ரிட்டில் புரோகான் என்னும் பேராசிரியையும் அவர்தம் குழுவினரும் 2009 ஆம் ஆண்டு முதலாக இந்நோக்கில் வெளியிட்ட ஆய்வுகள் சுவையானவை. நம்பிக்கையை மாற்றும் உரையாடல்களைப் பதிவுசெய்து, சிகிச்சையாளரின் ஒவ்வொரு கூற்றும் என்ன தொழில் செய்கின்றது என்று வகுத்தனர்: விடையைத் தூண்டுவது எது, வந்த விடையை ஊக்குவது எது, மறுத்து ஒடுக்குவது எது, தகவல் தருவது எது என்று. துணைநாடுபவரின் விடை நற்கருத்தை நெருங்கும்போது சிகிச்சையாளர் ஏற்பதும், விலகும்போது ஏற்காமையுமாக, மண்ணைக் குடமாக வனைவது போன்று நம்பிக்கை சிறிது சிறிதாக உருமாறுவதை அவர்கள் காட்டினர். சோக்கிரட்டீஸ் முறை என்று புகழப்படுவதன் உள்ளே இந்த எளிய இயக்கமும் உண்டு.

அப்படியானால் முரண்படும் கூற்றுகளைக் கண்டித்து ஒடுக்கிவிட்டால் விரைவில் முடியுமே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை 1985 ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் பற்றர்சன், போர்கச் என்னும் இருவர், பிள்ளைகளை வளர்ப்பதில் இடர்ப்பட்டுச் சிகிச்சைக்கு வந்த பெற்றோரின் உரையாடல்களைக் கணத்துக்குக் கணம் ஆராய்ந்தனர். சிகிச்சையாளர் போதிக்கும்போதும் எதிர்த்துரைக்கும்போதும் பெற்றோரின் எதிர்ப்பு உயர்ந்தது. ஆதரித்துப் பேசும்போது தாழ்ந்தது. பின்னர் ஒரே அமர்வில் இரு பாணிகளையும் மாற்றி மாற்றிக் கையாண்டு பார்த்தனர். எதிர்ப்பும் அதற்கேற்ப ஏறியிறங்கியது. 1993 ஆம் ஆண்டில் வில்லியம் மில்லரும் உடனாய்வாளரும் மதுப்பழக்கமுடைய 42 பேரிடத்து நடத்திய ஆய்வு இன்னும் கடுமையான செய்தியைத் தந்தது. சிகிச்சையாளர் எவ்வளவுக்கு எதிர்த்து வாதித்தாரோ, ஓராண்டின் பின் அந்நோயாளி அவ்வளவுக்கு மிகுதியாகக் குடித்தார். நன்மைசெய்ய விரும்பிய நாவினால் விளைந்த தீமை இது. போதிப்பதையே தொழிலாகக் கொண்ட என்போன்றோர் இவ்வாய்வுகளை மனமகிழ்ச்சியோடு படித்தல் அரிது.

வினாவென்றால் அதுவும் எல்லாம் ஒரு தன்மையதன்று. நன்னூலிற் பவணந்தி முனிவர் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என அறுவகையாக்கியதை நம் பழைய மாணவர் பலர் மனனஞ் செய்திருப்பர். விடை தெரிந்த ஆசிரியன் மாணாக்கனைக் கேட்பது அறிவினா. தெரியாதவன் தெரிந்தவனைக் கேட்பது அறியா வினா. வினாப்போலத் தோன்றிக் கட்டளையாய் நிற்பது ஏவல் வினா. இவ்வகுப்பு உளச்சிகிச்சைக்குப் பொருந்துமாறு வியப்புக்குரியது. "இன்னும் இப்படி எண்ணத்தான் வேண்டுமா?" என்று வருந்தியிருப்பவனைக் கேட்பது ஏவல் வினா, அதன் உள்ளே 'எண்ணாதே' என்னும் கட்டளை கிடக்கின்றது. பிளேட்டோவின் மேனோ என்னும் நூலிற் சோக்கிரட்டீஸ் ஓர் அடிமைச் சிறுவனைக் கேட்டுக் கேட்டே, சதுரமொன்றை இருமடங்காக்கும் கேத்திரகணித உண்மையைக் கூறவைக்கின்றார். அவை பெரும்பாலும் அறிவினாக்களே. விடை அவர் கையில் இருந்தது.

1993 ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த மகாநாட்டிற் கிறிஸ்டீன் படெஸ்கி என்னும் உளவியலறிஞர் இதனையே தம் பொருளாக எடுத்தார். நம் வினாக்கள் பிறர் மனத்தை மாற்றுவதற்கோ, அவர் தாமே கண்டறிய உதவுவதற்கோ என்பது அவர் எழுப்பிய கேள்வி. முடிவை முன்னரே அறிந்துகொண்டு அதை நோக்கி இழுத்துச்செல்லும் வினாவிலும், முடிவு எங்கே என்று அறியாது உண்மையாகவே அறியவிரும்பிக் கேட்கும் வினா சிறந்தது என்றார். செய்தி அறியும் வினா, விடையைச் செவிகொடுத்துக் கேட்டல், கேட்டதைத் தொகுத்துக் கூறல், தொகுத்ததைப் பழைய நம்பிக்கையோடு பொருத்திப் பார்க்கும்படி கேட்டல் என நான்கு படிகளையும் வகுத்தார். வங்கிப் பெண்ணின் உரையாடலை யான் அந்த ஒழுங்கிலேயே அமைத்தேன். இவற்றுள் இரண்டாவதே அரியது. சிகிச்சையாளர் எதிர்பாராத சொல்லொன்று வரும். அதை விட்டுவிட்டுத் தாம் நினைத்த அடுத்த வினாவுக்குப் போய்விடுதல் எளிது.

என் மாணவனைப் பல ஆண்டுகளின் பின் ஒரு திருமண வீட்டிற் கண்டேன். நல்ல நிலையில் இருந்தான். பேச்சிடையே அன்றைய நாளைப் பற்றி யானே கேட்டேன். "சேர், அன்று நீங்கள் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். அப்பா அன்று காலை என் புத்தகங்களைக் கட்டிப் பரணிற் போட்டுவிட்டார். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றான். 'ஒன்றுக்கும் உதவாதவன்' என்பது அவன் தேடிக் கண்டுபிடித்த முடிவன்று. வீட்டிற் கேட்டுக்கொண்டு வந்த சொல். "இதை எப்பொழுது எண்ணத் தொடங்கினாய்?" என்று ஒரு வினாக் கேட்டிருந்தால் அது வெளிவந்திருக்கும். கால் மணி நேரம் பேசிய எனக்கு அந்த அரை நிமிடம் கிடைக்கவில்லை.

வினவுதலால் நோய் உண்மையிற் குறைகின்றதா என்பதையும் அளந்துள்ளனர். 2015 ஆம் ஆண்டில் ஒஹாயோ அரசப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிறோன், ஸ்ட்ரங்க் முதலியோர் மனச்சோர்வுற்ற 55 பேரின் தொடக்க அமர்வுகளை ஆராய்ந்தனர். சிகிச்சையாளர் இவ்வகை வினாக்களை மிகுதியாகக் கையாண்ட அமர்வினையடுத்து, அடுத்த அமர்வுக்குள் நோய்க்குறிகள் மிகுதியாகக் குறைந்தன. இருவரிடையேயுள்ள நல்லுறவைத் தனியே கணக்கிட்டு நீக்கியபின்னும் அத்தொடர்பு நின்றது. முன்னரே, 1977 ஆம் ஆண்டில், பெக்கும் உடனாய்வாளரும் 41 நோயாளரிடத்து இம்முறையை இமிப்பிரமின் என்னும் மருந்தோடு ஒப்பிட்டு, அதனினும் இது நற்பயன் தந்ததாகக் கண்டிருந்தனர். பின்வந்த பெரிய ஆய்வுகளில் மருந்தும் இதுவும் ஏறத்தாழ ஒத்து நின்றன. மருந்து வேண்டிய நோயாளருக்குப் பேச்சே போதுமென்று எவரும் கொள்ளலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால், அவரைத் தனியே விடாது உடன் வைத்தியரிடம் அழைத்துச்செல்வதே முதற்கடமை. அதையும் மறைமுகமாகவன்றி நேரே கேட்டல் வேண்டும்; கேட்பதனால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை என்பது ஆய்ந்து கண்ட செய்தி.

மேற்கூறிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் நிகழ்ந்தவை. தமிழில் இவ்வேலையைச் செய்வோர் தாமே ஆராய்ந்து தீர்க்கவேண்டியவை சில உள. நம் பேச்சில் "ஏன்" என்னும் வினா பெரும்பாலும் குற்றஞ்சாட்டும் குரலோடு வருவது. "ஏன் பிந்தி வந்தாய்?" என்று கேட்பவர் காரணம் அறிய விரும்பிக் கேட்பதில்லை. ஆகவே, "ஏன் அப்படி எண்ணினீர்கள்?" என்றால், துணைநாடி வந்தவர் விடை தேடாமல் தம்மைக் காத்துக்கொள்ளவே முற்படுவார். "எதைக் கண்டு அப்படி எண்ணினீர்கள்?" என்றால், கண்டதைச் சொல்லத் தொடங்குவார். 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்பவற்றுள் எதை எடுப்பது என்பதும் அத்தகையதே. வயதில் இளையவரை 'நீங்கள்' என்றால் அவர் அந்நியப்பட்டதாக எண்ணக்கூடும். 'நீ' என்றால் தந்தையோ ஆசிரியரோ எதிரே வந்து நிற்பர். 'நீர்' என்பது யாழ்ப்பாணத்தில் ஓரளவு இடைநிலையாக அமைகின்றது. அதுவும் வகுப்பறை வாடை வீசுவதுதான். அறையினுள் நுழைந்தவரிடமே, "உங்களை எப்படி அழைப்பது உங்களுக்கு விருப்பம்?" என்று கேட்டுத் தொடங்கும் சிகிச்சையாளர் ஒருவரை அறிவேன். அது விடை தெரியாமற் கேட்கும் வினா.